அப்பாவின் டீயில் போடும் இனிப்பு மாத்திரை: "40 மில்லிகிராம் வரை பாதுகாப்பு" என்றால் என்ன கணக்கு?

ஈரோட்டுக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் படித்தது பி.காம்., கெமிஸ்ட்ரி எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. கேள்வி அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது, பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. சோற்றைக் குறைத்துவிட்டார், இனிப்புப் பலகாரம் தொடுவதில்லை, ஆனால் டீயில் மட்டும் கை வைக்க முடியாது. நாளுக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு இனிப்பு மாத்திரை. டப்பாவில் ஒரு மாத்திரைக்கு அஸ்பார்டேம் 18 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. நாலைந்து வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். "உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்டது, அஸ்பார்டேம் புற்றுநோய் தரும்" என்று பின்னணி இசையோடு ஒருவர் கத்துகிறார். அன்றைக்கு ராத்திரியே அப்பா மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டார். கேட்டால் "அது இயற்கை, ஒன்றும் செய்யாது" என்கிறார். நேற்று காலை வெறும் வயிற்றில் பார்த்தோம், 190. வழக்கமாக 130-க்குள் இருப்பவர்.

சரி, நாமே பார்ப்போம் என்று தேடினால் ஓரிடத்தில் அஸ்பார்டேம் நாளுக்கு 40 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று இருக்கிறது. அப்பா எடுத்தது 6 × 18 = 108. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! எனக்கே பகீர் என்றது. இன்னோரிடத்தில் 40 இல்லை, 50 என்கிறார்கள். இந்த எண்ணை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? நாலைந்து வருஷமாக மூன்று மடங்கு சாப்பிட்ட மனுஷனை நான் இப்போது எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது?

---

டீக்கடை பெஞ்ச்:

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, விஷயம் அவ்வளவுதான். முதலில் அந்த நாட்டுச்சர்க்கரை டப்பாவை ஒளித்து வையுங்கள்.

---

பிப்பெட்:

சகோ, முதலில் மூச்சு விடுங்கள். அந்த 40-க்குப் பின்னால் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. நாளுக்கு 40 மில்லிகிராம் இல்லை, *ஒரு கிலோ உடல் எடைக்கு* நாளுக்கு 40 மில்லிகிராம். பாதி இணையதளங்கள் அந்தக் "கிலோவுக்கு" என்பதை முழுங்கிவிட்டுத்தான் எழுதுகின்றன. அப்பா எடை தெரியவில்லை, 62 கிலோ என்று வைத்துக்கொண்டால் 62 × 40 = 2480 மில்லிகிராம். அவர் எடுத்தது 108. அதாவது நூற்றுக்கு நாலரை பங்கு கூட இல்லை. எல்லையைத் தொட வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 137 மாத்திரை போட வேண்டும், அதுவும் ஒரு நாள் இல்லை, ஆயுசு முழுக்கத் தினமும்.

பதினோரு வருஷம் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன், இப்போது வெளியே வந்துவிட்டேன். உங்கள் மற்ற கேள்விக்குக் கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் பதில் சொல்ல முடியும்.

இந்த எண்ணுக்குப் பெயர் ஏடிஐ, தமிழில் "ஏற்கத்தக்க தினசரி அளவு" என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா என்ற நிபுணர் குழு இதை முடிவு செய்கிறது, 1956-இலிருந்து நடக்கிற குழு. அஸ்பார்டேமுக்கு 40 என்று வந்தது 1981-இல். வந்த வழி இதுதான்: எலிகளுக்கு அவற்றின் ஆயுசின் பெரும்பகுதி, இரண்டு வருஷம், வெவ்வேறு அளவில் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். எடை, ரத்தம், சிறுநீரகம், ஈரல், கட்டி, எல்லாம் பார்க்கிறார்கள். எந்த அளவு வரை கெடுதல் எதுவும் கண்ணில் படவில்லையோ அதுதான் ஆரம்பப் புள்ளி. அஸ்பார்டேமில் அது கிலோவுக்கு 4000 மில்லிகிராம். அதை 100-ஆல் வகுத்தார்கள், 40. அவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஏன் 100? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். 1954-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வில் இருந்த லேமன், ஃபிட்ஸ்ஹ்யூ என்ற இரண்டு பேர் எழுதியதிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. எலியை விட மனிதன் பத்து மடங்கு பலவீனமானவனாக இருக்கலாம் என்று ஒரு 10. மனிதர்களுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரைவிடப் பத்து மடங்கு பலவீனமாக இருக்கலாம், கர்ப்பிணி, குழந்தை, சிறுநீரகம் கெட்டவர், வயசானவர் என்று இன்னொரு 10. பத்தைப் பத்தால் பெருக்கி நூறு. இயற்கை விதி எல்லாம் கிடையாது, அனுபவமுள்ளவர்கள் கையால் அளந்து போட்ட பாதுகாப்பு இடைவெளி. பின்னால் வந்தவர்கள் அதையும் பிரித்துப் பார்த்தார்கள். உடல் அந்தப் பொருளைக் கையாளும் வேகத்துக்கு எவ்வளவு, அந்தப் பொருள் உடலைத் தாக்கும் விதத்துக்கு எவ்வளவு என்று அந்தப் பத்துகளையே கூறு போட்டார்கள். தரவு குறைவாக இருந்தால் 100-க்கு மேலும் வகுப்பார்கள். தரவு நிறைய இருந்தால், மனிதர்களிடமே ஆய்வு நடந்திருந்தால், குறைத்தும் வகுப்பார்கள்.

இன்னோரிடத்தில் பார்த்த 50, அமெரிக்க எஃப்டிஏ-வின் எண். 40-க்கும் 50-க்கும் நடுவே எது உண்மை, எது பொய் என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஏற்கெனவே நூறு மடங்கு ஒதுங்கி நிற்கிற கணக்கில் இந்தப் பத்து வெறும் சில்லறை.

அப்புறம் பெரியப்பாவின் வீடியோ. 2023 ஜூலை 14 அன்று ஒரே நாளில் இரண்டு அறிக்கை வந்தது. ஒன்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை, ஐஏஆர்சி, அஸ்பார்டேமை 2பி பட்டியலில் சேர்த்தது. "புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்", ஆதாரம் கொஞ்சம்தான் என்று அர்த்தம். இன்னொன்று ஜெக்ஃபா, 40-ஐ மாற்ற எந்தக் காரணமும் இல்லை என்று சொன்னது. 70 கிலோ ஆள் ஒருவர் அதைத் தாண்ட வேண்டுமென்றால் வேறெந்த வழியிலும் அஸ்பார்டேம் எடுக்காமல் இருந்தாலும் நாளுக்கு 9 முதல் 14 டின் டயட் குளிர்பானம் குடிக்க வேண்டும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள். வீடியோ எடுத்தவர் முதல் அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார், இரண்டாவதில் பரபரப்பு இல்லை பாருங்கள்.

ஐஏஆர்சி பட்டியல் ஒரு பொருள் *செய்ய முடியுமா* என்பதைப் பற்றியது, எவ்வளவு சாப்பிட்டால் என்பதைப் பற்றியது இல்லை. அதே 2பி-யில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் தரும் என்று முதல் பிரிவில் இருப்பவை எவை தெரியுமா, புகையிலை, மது, அப்புறம் புகையிலை போடாத வெறும் வெற்றிலை பாக்கு. பெரியப்பா வெற்றிலை போடுவாரா?

ஒரு விதிவிலக்கு. ஃபீனைல்கீட்டோனூரியா என்று பிறவியிலேயே வரும் அரிய குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த 40 கணக்கு பொருந்தாது, அவர்கள் தொடவே கூடாது, டப்பாவிலேயே போட்டிருக்கும். குழந்தைகளுக்கும் பரிந்துரைப்பதில்லை என்று நம் ஊர் லேபிளில் இருக்கும். அதில் அர்த்தம் இருக்கிறது, 15 கிலோ குழந்தைக்கு எல்லை 600 மில்லிகிராம்தான், ஒரு டயட் டின்னில் 200, 300 இருக்கலாம் என்றால் இரண்டு மூன்று டின்னில் முடிந்துவிடும். 67 வயது சர்க்கரை நோயாளிக்கும் ஐந்து வயசுப் பேரனுக்கும் ஒரே பதில் கிடையாது.

---

ஈரோட்டுக்காரி:

அய்யோ, "கிலோவுக்கு" என்பதைப் பார்க்கவே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன், நான் படித்த இடத்தில் உண்மையிலேயே அந்தச் சொல் இல்லை. அப்பா 58 கிலோ. 2320 வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா.

(பெரியப்பா நாளுக்கு எட்டுத் தடவை போடுவார். கும்பகோணத்து வெற்றிலைதான் வேண்டும் என்பார்.)

---

எதிர்க்கேள்வி:

பிப்பெட் சொன்னதில் கணக்குத் தப்பு இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் "ஓ, அரசாங்கம் ஒரு எண் போட்டுவிட்டது, நிம்மதி" என்று போய்விடுவார்கள், அதுதான் எனக்குப் பிரச்சினை.

குளோர்பைரிஃபாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் விவசாயம் பண்ணுகிற யாருக்கும் தெரிந்த பூச்சிமருந்து. அதற்கும் உலக சுகாதார நிறுவனத்துப் பூச்சிமருந்துக் குழு ஒரு ஏடிஐ வைத்திருந்தது, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 2019-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றிய கவலை இருக்கிறது, மரபணுவைத் தாக்குமா என்ற சந்தேகமும் தீரவில்லை என்று கைவிரித்தது. 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி போய்விட்டது. அதற்கு முந்தின நாள் வரை அந்த எண்ணை நம்பிச் சாப்பிட்டவன் என்ன செய்வான்?

பிஸ்பீனால் ஏ, டின் உணவுகளின் உள்பூச்சில் வருவது. 2015-இல் அதே ஐரோப்பிய ஆணையம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்றது. 2023-இல் 0.2 நானோகிராம் என்று இறக்கியது, ஒரு மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோகிராம். இருபதாயிரம் மடங்கு! இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்றால் புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, எலிக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்துச் சோதிக்கிறீர்கள். நாம் ஒரு சாப்பாட்டில் சாயம், கெடாமல் வைக்கும் ரசாயனம், பூச்சிமருந்து மிச்சம், பிளாஸ்டிக்கில் இருந்து கசிந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து முழுங்குகிறோம். அந்தக் கூட்டுக்கு எங்கே ஏடிஐ? அந்தச் சோதனைகளில் பலவற்றுக்குக் காசு கொடுத்தது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அஸ்பார்டேமிலேயே பிரான்ஸில் லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது, அதிகம் எடுத்தவர்களிடம் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

---

பிப்பெட்:

நல்ல கேள்விகள், சண்டைக்கு வரவில்லை. பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

பிரெஞ்சு ஆய்வு உண்மை. சுமார் 15 சதவீதம் கூடுதல் ஆபத்து என்று வந்தது. ஆனால் டயட் பானம் தேடிப் போகிறவர் யார், ஏற்கெனவே எடை கூடினவர், சர்க்கரை வரும் என்று பயப்படுகிறவர். அந்தக் காரணங்களைக் கணக்கில் கழித்துப் பார்க்க முயற்சி செய்தார்கள்தான், ஆனாலும் முழுசாகப் பிரிப்பது சிரமம். அதனால்தான் ஐஏஆர்சி-யும் "கொஞ்சம் ஆதாரம்" என்பதோடு நின்றது. பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை, 190 என்று கண்ணெதிரே நிற்கிற சர்க்கரைக்கு முன்னால் அது எவ்வளவு பெரிசு என்பதுதான் கேள்வி. இதையும் சேர்த்துவிடுகிறேன்: 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்று பரிந்துரை சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை என்று அதிலேயே விலக்கு உண்டு, அந்த வரியைத்தான் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

பிஸ்பீனால் விஷயத்தில் நீங்கள் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். அதே தரவைப் பார்த்த ஜெர்மனியின் அரசு நிறுவனம் பிஎஃப்ஆர், 0.2 நானோகிராமை ஏற்கவில்லை, 200 நானோகிராம் என்று தனியாக ஒரு எண் சொன்னது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். எலியின் நோய் எதிர்ப்புச் செல்களில் தெரிந்த ஒரு மாற்றத்தைக் கெடுதல் என்று எடுத்துக்கொள்வதா, வெறும் மாற்றம் என்று விட்டுவிடுவதா என்பதில் பெரிய இழுபறி. ஆனால் பாருங்கள், பிஎஃப்ஆர் எண்ணும் பழைய 4 மைக்ரோகிராமைவிட இருபது மடங்கு கீழேதான். இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள், எவ்வளவு தூரம் என்பதில்தான் சண்டை. கடைசியில் 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-வுக்குத் தடையே போட்டது.

கூட்டுக் கலவைக்கு முழுமையான பதில் இன்னும் இல்லை. ஒரே உறுப்பை ஒரே மாதிரி தாக்கும் பூச்சிமருந்துகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் உங்களுக்கே முழு மார்க்.

ஆனால் நம் வீட்டு ஆபத்து அஸ்பார்டேமில் இல்லை, அதனால் நான் கவலைப்படுவது வேறு இடத்தில். டீக்கடை பெஞ்ச் சொன்ன அமிர்தமும் நஞ்சும் பழமொழியை எல்லா மீட்டிங்கிலும் சொல்லுவார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது பாதிக்குத்தான் சரி. அதில் "ஓர் அளவு வரை நல்லது" என்று ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஈயத்துக்கு அந்த அளவே கிடையாது. ஜெக்ஃபா முன்பு வாரத்துக்குக் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்று வைத்திருந்தது. 2010-இல் அந்த அளவிலேயே குழந்தைகளின் அறிவுத்திறன் குறைகிறது என்று தெரிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதில் புதிய எண் எதுவும் வைக்கவில்லை, வைக்க முடியாது என்பதால்.

இப்போது நம் சட்டத்தைப் பாருங்கள். மஞ்சள் தூளில் ஈயம் 10 பிபிஎம் வரை நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதிக்கிறது. 10 பிபிஎம் என்றால் ஒரு கிராம் தூளில் 10 மைக்ரோகிராம். அமெரிக்க எஃப்டிஏ குழந்தைகளுக்கு உணவு வழியாக வரும் ஈயத்துக்கு ஒரு குறிப்பு எல்லை வைத்திருக்கிறது, நாளுக்கு 2.2 மைக்ரோகிராம், கிலோவுக்கு இல்லை, மொத்தமாகவே. சட்டப்படி சரியான, பரிசோதனையில் பாஸ் ஆன மஞ்சளை ஒரு குழந்தை ஒரு கிராம் சாப்பிட்டாலே அதைப்போல நாலரை மடங்கு. நான் வேலை பார்த்த காலத்தில் 8 பிபிஎம் வந்தால் ரிப்போர்ட்டில் "தரத்துக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். போடத்தான் வேண்டும், சட்டம் அது. கை கொஞ்சம் தயங்கும்.

அதுவும் நேர்மையாக வருகிற மஞ்சள். நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயம் பூசினது என்றால் கதையே வேறு. தெற்காசிய நகரங்களில் எடுத்த மாதிரிகளில் பாட்னாவில் ஆயிரம் பிபிஎம்-க்கு மேல் வந்ததை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. வங்கதேசத்தில் இதே பிரச்சினை இருந்தது, 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதம் கலப்படம். ஆய்வு வெளியானது, அரசு சந்தையில் சோதனை நடத்தி அபராதம் போட்டது, 2021-இல் பூஜ்யம். முடியும் என்பதற்குத்தான் சொல்கிறேன். ஈரோட்டில் இருக்கிறீர்கள், மஞ்சளை விரலியாக வாங்கி மிஷினில் கொடுத்து அரைக்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது, சென்னையில் இருக்கிற எனக்கு அது ஒரு வேலை. விரலியும் ரொம்பப் பளபளவென்று, தேய்த்தால் கையில் சாயம் ஒட்டுகிற மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

---

டீக்கடை பெஞ்ச்:

சரி, பழமொழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஜெக்ஃபா மாதிரி. 

அப்போ இந்த அரிசியில் ஆர்சனிக் என்கிறார்களே, அதுவும் ஈயம் கூட்டம்தானா?

---

பிப்பெட்:

அதே கூட்டம், அதே வருஷம். 2010-இல் ஆர்சனிக்கின் பழைய எல்லையையும் திரும்பப் பெற்றார்கள். தண்ணீர் தேங்கிய வயலில் வளர்வதால் நெல் மற்ற தானியங்களைவிட அதிகமாக ஆர்சனிக்கை உறிஞ்சுகிறது.

ஆனால் இதில் நம் பாட்டிமார்கள் ஜெயித்துவிட்டார்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்தால் கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் போய்விடும் என்று எஃப்டிஏ-வே சொல்கிறது. குக்கரில் அளந்து வைத்தால் அப்படியே உள்ளே நிற்கும். வடித்தால் சில பி வைட்டமின்களும் கஞ்சியோடு போகும், அது மறுபக்கம். அப்புறம் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் கணக்கு திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்துவிடும்!

---

உட்லண்ட்ஸ் வாசி:

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். 2024 ஏப்ரலில் இங்கேயும் ஹாங்காங்கிலும் இந்திய மசாலா பாக்கெட்டுகளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிக்கொல்லி வாயு இருக்கிறது என்று பெரிய கலவரம் நடந்ததே. இங்கே மீன் குழம்பு மசாலா ஒன்றைக் கடையில் இருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். என் வீட்டில் பாதி காலியான பாக்கெட் இருந்தது. அறிவிப்பில் "உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நீண்டகாலத்துக்கு முடிந்தவரை தவிர்க்க வேண்டும்" என்கிற மாதிரி இருந்தது. உடனடி ஆபத்து இல்லை என்றால் ஏன் திரும்பப் பெற வேண்டும், ஆபத்து என்றால் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. அமெரிக்காவில் அதே பொருளுக்கு 7 பிபிஎம் வரை விடுகிறார்கள், ஐரோப்பாவில் மசாலாவுக்கு 0.1. அமெரிக்கக்காரன் வயிறு எழுபது மடங்கு கெட்டியா?

---

பிப்பெட்:

வயிறு ஒன்றுதான், கேட்கிற கேள்வி வேறு.

எத்திலீன் ஆக்சைடு மரபணுவையே தாக்கும் பொருள், ஐஏஆர்சி-யின் முதல் பிரிவு. இப்படிப்பட்டவற்றுக்கு "இதற்குக் கீழே ஒன்றும் ஆகாது" என்று கோடு கிழிக்க யாரும் துணிவதில்லை, அதனால் ஏடிஐ கிடையாது. ஐரோப்பா என்ன செய்கிறது என்றால் அதைப் பூச்சிமருந்தாகத் தடை செய்துவிட்டு, கருவியால் நம்பகமாக அளக்க முடிகிற மிகக் குறைந்த அளவை எல்லையாக வைக்கிறது. 0.1 என்பது உடம்பின் எல்லை இல்லை, கருவியின் எல்லை. அமெரிக்கா மசாலாவில் சால்மொனெல்லா கிருமியைக் கொல்ல அதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது, அப்படிப் பயன்படுத்தினால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து 7 வைத்தது. ஒரு பக்கம் இன்றைக்கு வரும் வயிற்றுப்போக்கு, இன்னொரு பக்கம் முப்பது வருஷம் கழித்து வரக்கூடிய மிகச் சிறிய வாய்ப்பு. எதை எதற்காகப் பொறுத்துக்கொள்வது என்பதில் இரண்டு ஊரும் வேறு வேறு முடிவு எடுத்தன. ஆவியிலோ கதிர்வீச்சிலோ கிருமியைக் கொல்லும் வழி இருக்கும்போது இதைப் பிடித்துத் தொங்குவது தேவையில்லை என்பது என் கட்சி.

உங்கள் மனைவிக்குப் பதில்: நேற்று வைத்த குழம்பால் ஒன்றும் ஆகாது, ஆனால் தெரிந்தே இருபது வருஷம் அதைச் சாப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

செய்தியில் "அனுமதித்த அளவைவிட ஐந்து மடங்கு பூச்சிமருந்து" என்று பார்க்கும்போதும் இதைத்தான் கேட்க வேண்டும், எந்த அளவு? பூச்சிமருந்து மிச்சத்துக்கான எல்லை வயலில் இருந்து வருகிறது. விதிப்படி அடித்தால், சொன்ன நாள் கழித்து அறுவடை செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து வைப்பது. அதைத் தாண்டினால் விவசாயி விதியை மீறினார் என்பது உறுதி, சாப்பிட்டவருக்கு நோய் என்பது உறுதி இல்லை. அதற்கு மறுபடி சாப்பிடும் அளவு, உடல் எடை, ஏடிஐ என்று தனிக் கணக்கு போட வேண்டும். மிளகாய்த்தூள் நாளுக்கு ஐந்து கிராம், அரிசி முந்நூறு கிராம். ஒரே பிபிஎம் இரண்டிலும் இருந்தால் அரிசி அறுபது மடங்கு முக்கியம்.

---

எதிர்க்கேள்வி:

2024-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ மசாலாவுக்கு, இந்தியாவில் பதிவு பெறாத பூச்சிமருந்துகளுக்கான பொது எல்லையை 0.01-இல் இருந்து 0.1-க்கு, பத்து மடங்கு ஏற்றியதற்கும் இந்த "ஐந்து கிராம்தானே" என்ற சமாதானம்தானே? கணக்காகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். மசாலா பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில் செய்ததுதான் உறுத்துகிறது.

---

பிப்பெட்:

உறுத்த வேண்டியதுதான். என்ன தரவை வைத்துச் செய்தோம் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

---

பஞ்சுமிட்டாய்:

நடுவில் ஒரு சந்தேகம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, ரோடமைன் பி இருக்கிறது என்று. அதில் எத்தனை மில்லிகிராம் இருந்தது, எத்தனை வரை ஓகே என்று யாருமே சொல்லவில்லை?

---

பிப்பெட்:

சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம், உணவில் அனுமதியே கிடையாது. அனுமதிப் பட்டியலில் இருக்கிற சாயத்துக்குத்தான் எவ்வளவு என்ற கேள்வி. இதற்கு "இருக்கிறதா, இல்லையா" மட்டும்தான்.

---

ஈரோட்டுக்காரி:

நான் கேட்டது இனிப்பு மாத்திரை, வந்து சேர்ந்தது மஞ்சளில்! எங்கள் ஊரைத் தேடிப் பிடித்து அடித்தது மாதிரி இருக்கிறது. எதிர்க்கேள்விக்கும் நன்றி, அவர் கேட்காவிட்டால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

இன்று காலை அப்பாவிடம் காகிதத்தில் 58 × 40 போட்டுக் காட்டினேன். பெரியப்பாவின் வெற்றிலைப் பெட்டி கதையையும் சொன்னேன், அதற்குத்தான் சிரித்தார், கணக்குக்கு இல்லை. சாயங்காலம் புது டப்பா வாங்கி வந்துவிட்டார். ஒரு டீயைக் குறைத்துக்கொள்கிறேன் என்று தானாகவே சொன்னது எனக்கே ஆச்சரியம். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு வாரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகிறோம், நாட்டுச்சர்க்கரைக் கதையை மறைக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக அம்மா கேட்கச் சொன்னது: பேத்தி பிறந்தநாளுக்கு வைக்கும் பாயசத்தில் அப்பா பங்குக்கு மட்டும் இந்த மாத்திரையைப் போட்டுக் கொதிக்க வைக்கலாமா?

---

பிப்பெட்:

கொதிக்கிறபோது போட்டால் இனிப்பே போய்விடும், அஸ்பார்டேம் நீண்ட சூட்டில் உடைந்துவிடும். அதனால் வேறு கெடுதல் ஒன்றும் இல்லை, பாயசம்தான் சப்பென்று இருக்கும். இறக்கி ஆறின பிறகு அவர் கிண்ணத்தில் மட்டும் கரைத்துக் கொடுங்கள். சேமியாவின் மாவுச்சத்தும் பாலில் இயற்கையாகவே இருக்கிற சர்க்கரையும் கணக்கில் வரும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கிண்ணம் சின்னதாக இருக்கட்டும்.